பெட்டி கழலும், ஃபிரேம் கழலுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தப்பட்டுள்ளது.)

மைக்குல காத்துச் சத்தம் கேட்டா மன்னிச்சிக்கங்க. ஜன்னலை மூடிட்டுத்தான் பேசுறேன். ஆனா இது ஆடி மாசம், நான் உட்கார்ந்திருக்கிறது சின்னமனூர். இங்க மூடுன ஜன்னலும் பேசும்.

இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம், நிறையப் பேர் கேட்ட ஒண்ணுதான். டூரிங் போற வண்டிக்கு சைடு பாக்ஸ் மாட்டலாமா? அதுவும் தேவைன்னா மாட்டி, தேவையில்லைன்னா கழட்டி வைக்கிற மாதிரி வருதே, அதை வாங்கிட்டா பிரச்சினை தீர்ந்துதானே? நானும் அப்படித்தான் நினைச்சேன். கடைக்காரர் கிட்ட விலை பேசி முடிச்சு, முன்பணம் கொடுக்கப் போற நேரத்துல மதுரை நண்பர் ஒருத்தர் தடுத்தார். "அவசரப்படாதீங்க, என் பெட்டி ஆறு மாசமா மாடியிலதான் கிடக்கு. பத்து நாள் மாட்டி ஓட்டிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க" அப்படின்னார். அவர் வண்டியும் என் வண்டியும் ஒரே மாடல், ஹிமாலயன் 411. அதனால அவரோட ஃபிரேம் என் வண்டிக்கு அப்படியே பொருந்தும். அந்தப் பத்து நாள் கதைதான் இந்த எபிசோடு.

முதல்ல என்னைப் பத்தி ஒரு வரி, ஏன்னா இந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஆள் பதில் மாறும். எனக்கு சின்னமனூர்ல உரக்கடை. வருஷத்துக்கு ரெண்டு பெரிய ரைடு போவேன், பத்துப் பன்னிரண்டு நாள் வரைக்கும். மாசத்துக்கு ஒரு தடவை மேகமலை, போடிமெட்டு, குமுளின்னு பக்கத்துல ஒரு சுத்து. மீதி நாளெல்லாம் அதே வண்டிதான் கடைக்கு, பேங்குக்கு, தோட்டத்துக்கு. வீட்டுல வேற வண்டி கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

பெட்டி வந்துச்சு. அலுமினியப் பெட்டி ரெண்டு, அதைத் தாங்க இரும்புக் குழாய்ல ஃபிரேம் ரெண்டு பக்கமும். மாட்டுறதுக்கு முன்னாடி கடைத் தராசுல வச்சுப் பார்த்தேன். உரக்கடைக்காரனுக்கு இது ஒரு சௌகரியம். ஒரு பெட்டி வெறுமனே அஞ்சு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஃபிரேம், பட்டை, போல்ட் எல்லாம் சேர்த்து ஆறு கிலோ. ஆக, ஒரு சட்டைகூட உள்ள வைக்காம பதினாறு கிலோவுக்கு மேல. வண்டியே 190 கிலோவைத் தாண்டுற வண்டி, இன்ஜின் சக்தி 24 குதிரைச் சக்திக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். இது பெரிய லிட்டர் பைக் இல்லை. பதினாறு கிலோங்கிறது மலை ஏறும்போது மூணாவது கியருக்கும் ரெண்டாவது கியருக்கும் இருக்கிற வித்தியாசம்.

அடுத்து டேப் எடுத்து அகலம் அளந்தேன். ஹிமாலயன் 411-ல ஹேண்டில்பார் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் 840 மில்லிமீட்டர். பெட்டி மாட்டுனப்புறம் பின்பக்கம் 1010. அதுவும் ரெண்டு பக்கமும் சமமா இல்லை. இந்த வண்டிக்கு சைலன்சர் வலது பக்கம் மேல தூக்கி இருக்கிறதால, வலது பெட்டி அதைத் தாண்டி வெளிய தள்ளி நிக்கும். இடது பக்கம் ஹேண்டில்பாரைத் தாண்டி 6 சென்டிமீட்டர், வலது பக்கம் 11 சென்டிமீட்டர்.

சின்ன நம்பர் மாதிரி தெரியும். ஆனா நாம எல்லாரும் ஒரு இடுக்குல வண்டி போகுமா போகாதான்னு எப்படிப் பார்க்கிறோம்? ஹேண்டில்பார் நுழைஞ்சா வண்டி நுழைஞ்சிடும். பத்து வருஷமா கண்ணு பழகுன கணக்கு அது. பெட்டி மாட்டுன அன்னைக்கே அந்தக் கணக்கு பொய்யாகுது. எனக்கு முதல்ல பொய்யானது என் வீட்டு கேட்லதான். மூணு அடி கேட். ஹேண்டில்பார் போயிடுச்சு, பெட்டி "டங்"குன்னு நின்னுடுச்சு. ராத்திரி பத்து மணிக்குத் தெருவுல நின்னு பெட்டியைக் கழட்டி, வண்டியை உள்ள தள்ளி, பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன். "கழட்டுற மாதிரி வாங்குனது நல்லதாப் போச்சு"ன்னு அப்பவும் நினைச்சேன் பாருங்க.

காலையில அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாங்க. பெட்டியைத் திரும்ப மாட்டிட்டிருந்தேன்.

"என்னப்பா இது, வண்டிக்கு ரெண்டு பக்கமும் பீரோ மாட்டிருக்க?"

"டூர் போறதுக்கும்மா."

"சரி, சனிக்கிழமை நான் எங்க உக்கார்றது?"

அதுக்கு நான் சொன்ன பதில், "அன்னைக்குக் கழட்டிருவேன்மா."

சனிக்கிழமை என்னன்னு வெளியூர் நண்பர்களுக்குச் சொல்லிடுறேன். எங்க ஊர்ல இருந்து நாலஞ்சு கிலோமீட்டர்ல குச்சனூர், சுயம்பு சனீஸ்வரர் கோயில். ஆடி மாசச் சனிக்கிழமைகள்ல அங்க திருவிழா. எங்கெங்கேயோ இருந்து ஜனம் வரும். அம்மா வருஷம் பூரா சனிக்கிழமை போறவங்க. அப்பா இருந்தப்போ அவர் வண்டியில, அப்புறம் என் வண்டியில. எள் விளக்குப் போட்டுட்டு வந்துடுவோம், மொத்தம் ஒரு மணி நேரம். நான் சாமி விஷயத்துல ரொம்ப ஈடுபாடு உள்ளவன் இல்லை. ஆனா அந்த ஒரு மணி நேரம் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு நேரம். வீட்டுல பேசாததெல்லாம் வண்டியில பேசுவாங்க. முதுகுக்குப் பின்னாடி இருந்து பேசுறது சுலபம் போல.

அந்தச் சனிக்கிழமை பெட்டியைக் கழட்டினேன். ஒரு பெட்டிக்கு ஒரு பூட்டு, ஒரு கொக்கி, அரை நிமிஷ வேலை. அம்மா வந்து நின்னாங்க. ஏற முடியலை.

ஏன்னா பெட்டிதான் கழண்டுச்சு. ஃபிரேம் கழலலை. அது போல்ட் போட்டு இறுக்கினது. அம்மா புடவை கட்டி, நம்ம ஊர்ல எல்லா அம்மாக்களும் மாதிரி இடது பக்கம் ஒருக்களிச்சு உட்கார்றவங்க. கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல, முழங்கால் மடக்கித் தொங்குற இடத்துல, இரும்புக் குழாய் வெளிய நீட்டிட்டு நிக்குது. இதுல இன்னொரு தப்பு வேற. ஃபிரேம் மாட்டுறதுக்கு இடைஞ்சலா இருக்குன்னு சேரி கார்டைக் கழட்டி வச்சிருந்தேன். மாட்டும்போது அது ஒரு துண்டுக் கம்பி, அவ்வளவுதான்னு தோணுச்சு. அம்மா ஒரு காலை வச்சுப் பார்த்துட்டு இறங்கிட்டாங்க. முந்தானையை ஒரு கையால இழுத்துப் பிடிச்சிக்கிட்டு, சக்கரத்தைப் பார்த்தாங்க.

"நான் மினி பஸ்ஸுலயே போய்க்கிறேன்ப்பா. நீ கடையைப் பாரு."

கோபமெல்லாம் இல்லை. சாதாரணமாத்தான் சொன்னாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தோட்டத்துக்குப் போற வழியில பார்க்கிறேன், பஸ் ஸ்டாப்புல அந்தக் கூட்டத்துக்கு நடுவுல, கையில எண்ணெய்ப் பாட்டிலோட இன்னும் நின்னுட்டிருக்காங்க. ரெண்டு பஸ் நிறைஞ்சு போயிடுச்சாம். நான் பெரிய டூரிங் வண்டியில, பின்னாடி காலியா இருக்கிற சீட்டோட, அவங்களைக் கடந்து போறேன். ஏத்திக்கவும் முடியாது. அன்னைக்கு அந்த ஃபிரேமைப் பத்தி என் அபிப்பிராயம் மாறிடுச்சு.

இதுல ஒரு சட்ட விஷயமும் இருக்கு, அதை இங்கேயே சொல்லிடலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123-வது விதி, பில்லியன் ரைடருக்கானது. பிடிச்சுக்கப் பிடி இருக்கணும், கால் வைக்க ஃபுட் ரெஸ்ட் இருக்கணும், பின்னாடி உட்கார்றவங்க துணி சக்கரத்துல சிக்காம இருக்கப் பின் சக்கரத்துல பாதியாவது மறைக்கிற தடுப்பு இருக்கணும். நாம சேரி கார்டுன்னு சொல்றது அதுதான். அழகுக்கு வச்சதில்லை. நிறையப் பேர் ஸ்டைலா இல்லைன்னு முதல் வேலையா கழட்டி வீசுறோம், நானும் லக்கேஜுக்காகக் கழட்டினேன். 2020-ல அதே விதியில திருத்தம் கொண்டு வந்து, வண்டியில வைக்கிற பெட்டிக்கும் அளவு சொன்னாங்க. நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. பெட்டி பில்லியன் சீட் இருக்கிற இடத்துல உட்கார்ந்தா, ஓட்டுறவர் மட்டும்தான் போகலாம். பில்லியன் சீட்டுக்குப் பின்னாடி இருந்தா ரெண்டாவது ஆள் போகலாம். எனக்கு அந்த விதியில பிடிச்சது இதுதான்: ஒண்ணு பெட்டி, இல்லைன்னா ஆளு, எதுன்னு முடிவு பண்ணிக்கோன்னு நேராச் சொல்லுது. என் வாசல்ல நடந்ததும் அதேதான்.

சரி, அதோட பெட்டியைத் திருப்பிக் கொடுத்துட்டேனான்னா இல்லை. பத்து நாள்னு பேசியிருக்கு, முழுசா ஓட்டிப் பார்த்திடலாம்னு முடிவு பண்ணினேன்.

ஞாயித்துக்கிழமை உத்தமபாளையம், கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் வழியா போடிக்கு ஒரு ரைடு. இந்த ரோடு மேற்கு மலையடிவாரத்தை ஒட்டியே போகும். பண்ணைப்புரம் வந்தா இளையராஜா ஊருன்னு ஒரு நிமிஷம் வேகம் குறைக்கிறது என் பழக்கம். அதைத் தவிர இந்த ரோட்டுல ஆடி மாசம் வேகம் குறைக்க இன்னொரு காரணம் உண்டு, காத்து.

எங்க பள்ளத்தாக்கோட அமைப்பைப் புரிஞ்சுக்கணும். மேற்குல ஏலக்காய் மலை, கிழக்குல மேகமலை, வருசநாட்டு மலை. தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் கேரளாவுல கொட்டித் தீர்த்துட்டு, மலையில எங்கெல்லாம் இடுக்கு இருக்கோ அது வழியா வெறும் காத்தா இறங்கி வரும். மழை அவங்களுக்கு, காத்து நமக்கு. தேனி மாவட்டத்துல இவ்வளவு காத்தாலை நிக்குறதே அதனாலதான். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றது எங்க ஊருக்குப் பழமொழி இல்லைங்க, வானிலை அறிக்கை.

கம்பத்துல இருந்து தேனி போற மெயின் ரோட்டுல பெரும்பாலும் காத்து முன்னாடியோ பின்னாடியோதான் இருக்கும். பள்ளத்தாக்கு நீளவாக்குல ஓடுது, ரோடும் கூடவே ஓடுது. ஆனா தேவாரம் ரோட்டுல அது பக்கவாட்டுல இருந்து அறையும். அதுவும் ஒரே சீரா அடிச்சாப் பரவாயில்லை, சாய்ஞ்சுக்கிட்டே ஓட்டிடலாம். ரோட்டோரம் தென்னந்தோப்போ வாழைத்தோப்போ இருக்கிற வரைக்கும் அமைதியா இருக்கும், தோப்பு முடியுற இடத்துல ஒரு தள்ளு. மறுபடி தோப்பு, மறுபடி தள்ளு.

பெட்டி இல்லாம எத்தனையோ ஆடி இந்த ரோட்டுல ஓட்டியிருக்கேன். தள்ளும்போது வண்டி மொத்தமா ஒரு அடி நகரும், அவ்வளவுதான். பெட்டியோட வேற மாதிரி இருந்துச்சு. வழக்கமா காத்து புகுந்து போற இடைவெளி, அதாவது பின் சக்கரத்துக்கு மேல சீட்டுக்குக் கீழ இருக்கிற காலி இடம், இப்போ தட்டையான தகடால அடைபட்டிருக்கு. காத்து வண்டியைத் தள்ளலை, வண்டியோட வாலைத் தள்ளுச்சு. பின்பக்கம் ஒரு பக்கம் போக, முன்பக்கம் எதிர்ப் பக்கம் திரும்பப் பார்க்குது. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற விசை நாலு மடங்காகும். அது பள்ளிக்கூடத்துலயே படிச்ச கணக்கு, ஆனா தேவாரத்துக்கு முன்னாடி ஒரு தோப்பு முடியுற இடத்துலதான் எனக்கு அது உடம்புல ஏறுச்சு. எதிர்ல ஒரு லாரி. நான் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போயிட்டேன். ஒண்ணும் ஆகலை. லாரிக்காரர் ஹார்ன் அடிச்சுட்டுப் போயிட்டார். நான் ஓரமா நிறுத்தி ஹெல்மெட்டைக் கழட்டிட்டு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டேன்.

அப்போ காலிப் பெட்டிதான் இருந்துச்சு. அதுவும் ஒரு காரணம்னு அப்புறம் யோசிச்சேன். பெருசா இருந்து லேசா இருக்கிற பொருள்தான் காத்துக்கு ரொம்பப் பிடிச்ச பொருள். லோடு ஏத்திப் போனா இவ்வளவு இருக்காது. ஆனா நம்ம உள்ளூர் ஓட்டத்துல பெட்டி பெரும்பாலும் காலியாத்தானே இருக்கும்?

போடியில இருந்து முந்தல் வழியா போடிமெட்டு ஏறினேன். பதினேழு கொண்டை ஊசி வளைவு. காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் எல்லாம் இந்த மலைப்பாதையிலயும் கம்பம்மெட்டுப் பாதையிலயும் எப்படிப் போகும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு இது தினசரி வேலை. வளைவுல அவங்க முழு ரோட்டையும் எடுத்துக்குவாங்க, நமக்கு மிச்சம் இருக்கிறது ஓரத்துல ஒரு முழம். அந்த ஒரு முழத்துல நான் என்னோட 11 சென்டிமீட்டரைக் கழிச்சுக்கிட்டேன். வலது பெட்டியில இன்னைக்கும் ஒரு கீறல் இருக்கு, அது எந்த வளைவுலன்னு எனக்கே தெரியாது. நண்பர் கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு.

இவ்வளவு குறை சொல்லிட்டேன், பெட்டிக்கு நியாயமும் சொல்லணும். மேல போடிமெட்டுல சாரல் பிடிச்சுக்கிச்சு. உள்ள இருந்த சட்டை ஒரு பொட்டு நனையலை. டீ குடிக்கப் போகும்போது பெட்டியைப் பூட்டிட்டு நிம்மதியாப் போனேன். தனியா ரைடு போறவங்களுக்கு இந்த நிம்மதி எவ்வளவு பெருசுன்னு தெரியும். அப்புறம் குரங்கு. சுருளி அருவி போயிருக்கீங்களா? அங்க ஒரு தடவை என் துணிப் பையோட ஜிப்பை, சாவி போட்டுத் திறக்கிற மாதிரி அவ்வளவு நிதானமா ஒரு குரங்கு திறந்து, முறுக்குப் பாக்கெட்டை எடுத்துக்கிட்டு, கூடவே என் இடது கை கிளவுஸையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. வலது கை கிளவுஸ் இன்னும் என்கிட்ட இருக்கு. அலுமினியப் பெட்டி மேல குரங்கு உட்காரத்தான் முடியும்.

இந்தப் பெட்டி எங்க இருந்து வந்ததுன்னு யோசிச்சா இந்தக் குழப்பத்துக்குக் காரணம் புரியுது. 1970-கள்ல ஜெர்மனியில க்ராவ்ஸர் பெட்டிகள் பேர் வாங்குச்சு. இத்தாலியில ஜுசெப்பே விசென்சின்னு ஒரு பழைய ரேஸர், 1978-ல கிவி கம்பெனியை ஆரம்பிச்சார். அந்த ஊர்கள்ல ரோடு அகலம், பின்னாடி உட்கார்றவங்க ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்றவங்க. புடவை கட்டி ஒருக்களிச்சு உட்கார்ற ஒருத்தங்களை மனசுல வச்சு அந்தப் பெட்டி வரையப்படலை. அது அவங்க தப்பு இல்லை.

அப்போ நம்ம ஊரை மனசுல வச்சு எதுவும் வரையப்படலையான்னா, வரைஞ்சிருக்காங்க. தினமும் பார்த்திருப்பீங்க. டி.வி.எஸ் எக்ஸ்.எல்.

சிரிக்காதீங்க. பெட்டி மாட்டுன எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, கடைக்கு ஒரு திராட்சை விவசாயி வந்தார், கம்பம் பக்கத்து ஆள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது தெரியும் இல்லையா, அந்தத் திராட்சை. எக்ஸ்.எல்-ல வந்தார், பின்னாடி அவர் சம்சாரம். சம்சாரம் இறங்கி மருந்துக்கடைக்குப் போனாங்க. இவர் எங்கிட்ட ரெண்டு மூட்டை வாங்கினார். பின் சீட்டைக் கழட்டி ஹேண்டில்பார்ல மாட்டினார். மூட்டையை ஏத்தி, ரப்பர் கயிறு போட்டார். "அவ பஸ்ஸுல வந்துருவா"ன்னார். "திரும்பும்போது?"ன்னேன். "மூட்டைய இறக்கிட்டா சீட்டு இருக்குல்ல." மொத்தம் ரெண்டு நிமிஷம்.

எக்ஸ்.எல் 100-ல அந்தப் பின் சீட்டு கழட்டுற மாதிரிதான் கம்பெனியிலேயே வருது. 1980-ல டி.வி.எஸ் 50 வந்த காலத்துல இருந்து நம்ம ஜனம் அந்த வண்டி மேல என்னென்ன ஏத்துச்சுன்னு பார்த்துப் பார்த்துப் பண்ணின வண்டி. அதுல கழட்டினா மிச்சம் ஒண்ணும் நீட்டிக்கிட்டு இருக்காது. லோடு இருந்தா அது லோடு வண்டி, கழட்டிட்டா ஆள் வண்டி. நான் முப்பதாயிரத்துக்குப் பக்கம் கொடுத்து வாங்கப் போன "டிடாச்சபிள்" சாமானுக்கு அந்தக் குணம் இல்லை. கழட்டினப்புறமும் பாதி வண்டியிலயே நிக்குது.

அதனால நீங்க கடைக்குப் போனா, கடைக்காரர் பெட்டியைக் கழட்டிக் காட்டும்போது அசந்துடாதீங்க. எல்லாரும் பெட்டியைத்தான் கழட்டிக் காட்டுவாங்க, "க்ளிக்"குன்னு ஒரு சத்தத்தோட. கழட்டினப்புறம் வண்டியோட இடது பக்கம் போய் நின்னு, என்ன மிச்சம் இருக்குன்னு பாருங்க. ஃபிரேமும் சேர்ந்து கழலுற ரகமும் இருக்கு. போல்ட்டுக்குப் பதிலா கால் திருப்பு திருப்பினா விடுபடுற மாதிரி, ஸ்க்ரூ டிரைவரோ காசோ போதும். வெளிநாட்டு பிராண்டுகள்ல எஸ்.டபிள்யூ மோட்டெக் பண்றாங்க, கிவியிலயும் அப்படி ஒரு வரிசை இருக்கு. விலை அதிகம், எல்லா வண்டிக்கும் கிடைக்காது. அந்த ஃபிரேமோட சேரி கார்டு இருக்க இடம் இருக்கான்னு அதுலயும் பார்க்கணும்.

மூணாவது ரகம், ஃபிரேமே இல்லாத துணிப் பை. குதிரைக்குப் போடுற மாதிரி சீட்டுக்குக் குறுக்க பட்டை போட்டு ரெண்டு பக்கமும் தொங்குறது. நான் கடைசியா எடுத்தது இதைத்தான். நம்ம நாட்டுலயே ரைனாக்ஸ், வயாடெர்ரா மாதிரி கம்பெனிகள் பண்றாங்க. எந்த பிராண்டுன்னு கேட்டு மெயில் போடாதீங்க. உங்க வண்டி சைலன்சர் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம்னு பார்த்துட்டு வாங்குங்க, அதுதான் பிராண்டைவிட முக்கியம். இடது பக்கம் எனக்கு ஒரு அதிர்ஷ்டம், திரும்ப மாட்டின சேரி கார்டு மேலயே பை சாய்ஞ்சு உட்கார்ந்துக்கிச்சு, சக்கரத்துக்குள்ள போக வழியில்லை. ஃபிரேம் வேலையை அந்தத் துண்டுக் கம்பியே பார்க்குது. வலது பக்கம்தான் தகராறு. முதல் ரைடுலயே பையோட அடி ஓரம் சைலன்சர்ல பட்டுக் கருகி, உள்ள இருந்த ரெயின் கோட்டுல உள்ளங்கை அளவு ஓட்டை. அப்புறம் தேனியில ஒரு வெல்டிங் பட்டறையில பட்டைக் கம்பியில ஒரு சின்ன வளையம் பண்ணி, சைலன்சர் கவசத்துக்கும் பைக்கும் நடுவுல மூணு விரல் இடைவெளி வர்ற மாதிரி மாட்டினேன். ரெண்டு போல்ட், ரெண்டுக்கும் லாக்டைட். இந்த சிங்கிள் சிலிண்டர் அதிர்வுல லாக்டைட் போடாத போல்ட் எதுவும் நிக்காது.

லோடு வைக்கிறதுல ஒண்ணு சொல்லணும். நாமெல்லாம் கனமானதைப் பின்னாடி கேரியர்ல கட்டுவோம், கட்டச் சுலபம்னு. பின் ஆக்ஸிலுக்குப் பின்னாடி தொங்குற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கும். மலை ஏறும்போது ஹேண்டில் லேசாகிப் போறது அதனாலதான். ஹிமாலயன் 411-ல டேங்க் ரெண்டு பக்கமும் கம்பெனி கொடுத்த ஃபிரேம் இருக்கு. நிறையப் பேர் அதை வெறுமனே விட்டுடுறோம். நான் டூல்ஸ், டியூப், தண்ணி எல்லாத்தையும் அங்க கட்டுறேன், துணிமணியும் ஸ்லீப்பிங் பேகும் பின்னாடி. லோடு ஏறினா பின் சஸ்பென்ஷன்ல பிரீலோடைக் கூட்டணும், திரும்பி வந்ததும் குறைக்கணும். நான் ரெண்டாவதை மறந்துட்டு அம்மாவை ஏத்திக்கிட்டுப் போய் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அப்போ பெட்டி வாங்கவே கூடாதான்னு கேட்டா, அப்படி இல்லை. வீட்டுல ஸ்கூட்டர் ஒண்ணு தனியா இருக்கு, பெரிய வண்டி டூருக்கு மட்டும்தான்னா பெட்டி வாங்குங்க, கழட்டவே வேண்டாம். தினமும் தனியா ஆபீஸ் போறீங்க, லேப்டாப்பைப் பூட்டி வைக்கணும்னா பின்னாடி ஒரு டாப் பாக்ஸ் போதும், அந்த 2020 அளவுக்குள்ள வாங்குங்க. கனத்தை அதுல அடைக்காதீங்க, கம்பெனிக்காரங்களே பொதுவாப் பத்து கிலோவுக்குள்ளதான் சொல்றாங்க. மண் ரோடு, ஆத்து மணல்னு போறவங்க ஹார்ட் பாக்ஸைத் தவிர்த்துடுங்க. வண்டி சாயும்போது நாம அனிச்சையாக் காலை ஊணுவோம், கால் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போய்ப் பெட்டிக்கு அடியில மாட்டிக்கும். கணுக்கால் உடையிறது பெரும்பாலும் அப்படித்தான். ஹைவேவிஸ் தாண்டி மகாராஜா மெட்டுப் பக்கம் நான் போனப்போ இருந்த ரோட்டுல, பெட்டியோட போற தைரியம் எனக்கு இல்லை. இன்னொண்ணு, எல்லை தாண்டி குமுளிப் பக்கம் அடிக்கடி போறவங்களுக்கு: வண்டி மாற்றம் விஷயத்துல கேரளா மோட்டார் வாகனத் துறை கண்டிப்பானவங்க. வெட்டி ஒட்டி வெல்டிங் பண்ணி நிரந்தரமா எதையும் மாட்டாதீங்க. ஒரு ஸ்பேனர்ல கழலுற மாதிரி இருக்கட்டும்.

துணிப் பையில எனக்கு இன்னும் தீராத குறை ரெண்டு. பூட்டு கிடையாது. சாப்பிட நிறுத்தினா வண்டி கண்ணுல படுற மேஜையாத் தேடணும், அதனாலேயே நல்ல சாப்பாட்டை எத்தனையோ தடவை விட்டிருக்கேன். இன்னொண்ணு சுருளிக் குரங்கு, அதுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கலை. போன மாசம் பைக்கு மேல வலை போட்டுப் பார்த்தேன், வலையையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. உங்க யாருக்காவது வழி தெரிஞ்சா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேர் சொல்லி வாசிக்கிறேன்.

நண்பரோட பெட்டியைப் பத்தாவது நாள் மதுரைக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். அதுக்கு முந்தின நாள் சாயந்திரம் ஃபிரேமைக் கழட்டி, சேரி கார்டைத் தேடினேன். கிடைக்கலை. கடைசியில அம்மாதான் எடுத்துட்டு வந்தாங்க. கொல்லையில பழைய சாமானோட கிடந்ததாம், துடைச்சு எண்ணெய் போட்டு வச்சிருந்தாங்க.

"இதுக்கு ரெண்டு போல்ட்தானப்பா?"

"ஆமாம்மா."

"இறுக்கி மாட்டு. நாளைக்குச் சனிக்கிழமை."

அடுத்த எபிசோடு டயர் பத்தி. மேகமலை ரோட்டுல பஞ்சர் ஆனா என்ன பண்றதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார், அதுல இருந்து ஆரம்பிக்கலாம். வணக்கம்.